தண்ணீர் போகும் பக்கம்

முடிச்சூரில் எங்கள் தெருவில் பியூலா டீச்சரின் வாசல் மட்டும் மற்ற வாசல்களைவிட உயரமாக இருக்கும். கேட்டிலிருந்து வீட்டுப் படி வரைக்கும், இடது பக்கக் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் ஒரே கான்கிரீட் தளம். அதைப் போட்டவர் டீச்சரின் கணவர் சத்தியநாதன். ரயில்வேயில் வேலை பார்த்தவர். அதிர்ந்து பேசாத மனிதர்.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் அடையாறு பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தபோது அவர்கள் வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர் நின்றது. அன்று அவர்களைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு லக்ஷ்மிநாராயணனும் அவர் மனைவி காமு மாமியும்தான். அந்த வீட்டுக்கு மாடி உண்டு. சுவருக்கு மேலே ஏணியைச் சாய்த்து, லக்ஷ்மிநாராயணன் கைகொடுத்து மூன்று பேரையும் இழுத்துக்கொண்டார்: சத்தியநாதன், டீச்சர், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன் ஃபிரெடி. தண்ணீர் வடியும்வரை அங்கேதான் இருந்தார்கள். மாடியில் வைத்து மாமி பொங்கிய சோற்றை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். டீச்சர் மாமியின் புடவையைத்தான் உடுத்தியிருந்தார்.

வெள்ளம் வடிந்த பிறகு சத்தியநாதன் மாறிப்போனார். மழை வந்தால் ஜன்னலை விட்டு நகரமாட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். கோடை வந்ததும் முதல் வேலையாக வாசலில் மண்ணைக் கொட்டி உயர்த்தி, கான்கிரீட் போட்டார். தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பில், தளம் மொத்தத்தையும் சுவர்ப் பக்கமாகச் சரித்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய சமையலறை இருக்கிறது என்பது அவர் மனதில் வரவே இல்லை.

அடுத்த மழையிலேயே மாமியின் சமையலறையில் தண்ணீர் கசிந்தது. மாமி வந்து சொன்னார். பார்க்கிறேன் என்றார் சத்தியநாதன். பார்க்கவில்லை. அதற்கடுத்த ஆண்டும் மாமி வந்து சொன்னார். பிறகு ஒரு ஐப்பசியில், அந்த ஈரத்தில் கால் வழுக்கி லக்ஷ்மிநாராயணன் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்தும் பழைய நடை திரும்பவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் நடந்தார்.

மாமி கேட்டுக்கு வெளியே நின்று கேட்டார்.

"உங்காத்துத் தண்ணிதான் சார். எத்தனை தடவை சொன்னேன்?"

"மழைக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றார் சத்தியநாதன்.

டீச்சர் உள்ளே கதவருகே நின்றிருந்தார். வெளியே வரவில்லை. அன்றோடு இரண்டு வீடுகளுக்கும் பேச்சு நின்றது. கிறிஸ்துமஸ் கேக் போகவில்லை. பொங்கல் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து மாரடைப்பில் சத்தியநாதன் இறந்தபோது மாமி வந்தார். உடலருகே கொஞ்ச நேரம் நின்றார். டீச்சரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

தனியான டீச்சர் அந்த வீட்டிலேயே இருந்தார். ஃபிரெடிக்குக் கேளம்பாக்கத்தில் வேலை, அங்கேயே வீடு. தளத்தில் விரிசல் விழுந்து பாசி படர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது டீச்சர் வழுக்கி, கேட்டைப் பிடித்துத் தப்பினார். செய்தி கேட்ட ஃபிரெடி, அந்தத் தளத்தின் மேலேயே பேவர் பிளாக் போட்டுவிடலாம் என்று முகிலனை அனுப்பினான். தாம்பரம் பக்கத்தில் நிறைய வாசல்களுக்குக் கல் பதித்தவர் முகிலன்.

முகிலன் தளத்தைத் தட்டிப் பார்த்தார்.

"தளம் ஸ்ட்ராங்காத்தான் கீது டீச்சர். மேலயே போட்டுடலாம். அடியில தண்ணி மட்டும் நிக்கக் கூடாது. நின்னா கல்லு ஆட ஆரம்பிச்சுரும்."

தளம் எந்தப் பக்கம் சரிகிறது என்று வாட்டம் பார்க்க, ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து படியருகே ஊற்றினார். தண்ணீர் பாசியை நனைத்துக்கொண்டு சுவரை நோக்கி ஓடியது. சுவரடியில் கொஞ்சம் தேங்கிச் சுழன்றது. பிறகு சுவருக்கடியில் இறங்கிக் காணாமல் போனது. அத்தனை மழைக்காலங்களில் டீச்சர் ஒருமுறைகூட அங்கே நின்று அதைப் பார்த்ததில்லை.

"முகிலன், இதைத் தெருப் பக்கம் திருப்ப முடியுமா?"

"திருப்பலாம். ஆனா சொவத்தோரம் தளத்த உடைச்சு, கால்வா வெட்டி, ரோட்டு வடிகால்ல வுடணும். மிச்ச எடத்துல சிமெண்ட்டு போட்டு ஒசத்தி, வாட்டத்த கேட்டாண்ட கொண்டாரணும். உங்க மொதப் படி பாதி முழுகிப்பூடும். பரவால்லியா?"

"பரவாயில்லை."

ஃபிரெடிக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்தபோது தளத்தின் நடுவில் நின்றபடி கேட்டான்.

"அப்பா போட்டதும்மா இது. எதுக்கு உடைக்கணும்? மேல கல்லு போட்டா போதாதா?"

"மேல மூடினாலும் தண்ணி அங்கேதான் போகும் ஃபிரெடி. நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"பக்கத்து வீட்டு மாமா விழுந்ததுக்கு நாம என்னம்மா பண்ண முடியும்?"

"அப்பாவும் இதைத்தான் சொன்னார். நான் உள்ளே நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."



உடைப்பதற்கு முந்தின நாள் டீச்சர் பக்கத்து வீட்டுக்குப் போனார். காமு மாமி கிரில் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"நாளைக்குச் சுவரோரம் தளத்தை உடைக்கிறோம். மெஷின் சத்தம் இருக்கும். சாருக்குத் தொந்தரவா இருக்குமோன்னு சொல்ல வந்தேன்."

"எதுக்கு உடைக்கறேள்?"

"தண்ணியைத் தெருப் பக்கம் திருப்பப் போறேன்."

மாமி அவர் முகத்தையே பார்த்தார்.

"இத்தனை வருஷம் கழிச்சா?"

"ஆமாம்."

உள்ளே வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. "யாரு காமு?" என்றது லக்ஷ்மிநாராயணனின் குரல்.

"பக்கத்தாத்து டீச்சர்."

"வாசல்லயே நிக்க வச்சிருக்கியே, உள்ள வரச் சொல்லேன்."

மாமி திரும்பவில்லை. கிரில் கம்பியைப் பிடித்திருந்த கையும் அசையவில்லை. "பண்ணுங்கோ" என்றார். டீச்சர் திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் சுவரோரத் தளம் எளிதில் பெயரவில்லை. உள்ளே கம்பி நெருக்கமாகக் கட்டியிருந்தது. வீட்டுக்கூரைக்குக் கட்டுவது போல.

"வாசலுக்குப் போய் இம்மாம் கம்பி இன்னாத்துக்குப் போட்டாரு சாரு, டீச்சர்?" முகிலன் வியர்வையைத் துடைத்தபடி கேட்டார்.

"ரொம்பப் பயந்துட்டார் முகிலன்" என்றார் டீச்சர். கணவர் இறந்த நாளில்கூட அவ்வளவு அழாதவர், மெஷின் ஓடும்வரை அடுக்களையில் உட்கார்ந்து அழுதார். பெயர்த்த துண்டுகளை வண்டியில் ஏற்றியபோதுதான் வெளியே வந்தார்.

அதன் பிறகு வேலை நிதானமாக நடந்தது. பாசியைச் சுரண்டிக் கழுவினார்கள், விரிசல்களை அடைத்தார்கள். சுவரோரம் கால்வாய் வெட்டி, மீதித் தளத்தைச் சிமெண்ட் போட்டு உயர்த்தி, அதன் வாட்டத்தைக் கேட் பக்கம் திருப்பினார்கள். கல்லுக்கடியில் இறங்கும் நீர் தேங்காமல் மண்ணுக்குள் போக, தாழ்ந்த ஓரத்தில் துளையிட்டு, அடைத்துக்கொள்ளாதிருக்க அதன்மேல் துணி விரித்தார்கள். பிறகு சின்ன ஜல்லியை மெல்லிசாகப் பரப்பிச் சமப்படுத்தி, படப்பையிலிருந்து வந்த சாம்பல் நிறக் கற்களை ஒவ்வொன்றாகப் பதித்தார்கள். ஓரங்கள் நகராதபடி சிமெண்ட் கட்டி, மெஷினால் அதிர்த்து இறுக்கி, இடுக்குகளில் மணலைப் பெருக்கி நிரப்பினார்கள். கேட்டின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. முதல் படி பாதி மறைந்தது.

ஐப்பசி மழை வந்தது. டீச்சர் குடை பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். தண்ணீர் கற்களின் மேல் மெதுவாகக் கேட்டை நோக்கி வந்து, தெரு வடிகாலில் விழுந்தது. கால்வாயில் ஏதோ கொஞ்சம்தான் ஓடியது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஆனால் எப்போதும் மழையில் கேட்கும் சத்தம், மாமி துடைப்பத்தால் சமையலறைத் தண்ணீரைத் தள்ளுகிற சத்தம், அன்று கேட்கவில்லை.

கார்த்திகையில் லக்ஷ்மிநாராயணன் இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டி, இரண்டொரு நாள் படுத்திருந்தவர், காலையில் எழவில்லை. அன்றும் தூறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு முன்புறம் ஸ்கூட்டர் நிற்கும் அளவுக்குத்தான் இடம். வந்தவர்கள் தெருவில் சேற்றில் குடையோடு நின்றார்கள்.

டீச்சர் யாரையும் கேட்கவில்லை. தன் கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டார். ஃபிரெடி வந்து தார்ப்பாய் கட்டினான். வாடகை நாற்காலிகளைக் கல் பதித்த வாசலில் வரிசையாகப் போட்டான். மாமியின் உறவினர்கள், அலுவலகத்துப் பழைய நண்பர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். தார்ப்பாயிலிருந்து வடிந்த மழை அவர்கள் காலடியில் நிற்காமல் ஓடிப்போனது. டீச்சர் காப்பி போட்டு எடுத்துவந்தார். குடிப்பார்களோ மாட்டார்களோ என்று தயங்கி நின்றபோது, பெங்களூரிலிருந்து வந்திருந்த மாமியின் மகள் மிருதுளா எழுந்து வந்து முதல் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

உடலை எடுக்கும் நேரத்தில் மாமி ஒருமுறை தலை நிமிர்ந்தார். கூட்டம் நின்ற இடத்தைப் பார்த்தார். திறந்திருந்த கேட்டைப் பார்த்தார். அவ்வளவுதான்.

காரியங்கள் முடிந்த சில நாட்களில், மாலையில் மாமி தனியாக வந்தார். டீச்சர் நாற்காலி எடுக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாதி மறைந்த அந்தப் படியிலேயே மாமி உட்கார்ந்தார். டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவர் நடக்கும்போதே நீங்க இதைப் பண்ணியிருக்கலாம்" என்றார் மாமி.

"பண்ணியிருக்கணும்" என்றார் டீச்சர். வேறு சமாதானம் எதுவும் அவர் சொல்லவில்லை. கணவரின் பெயரையும் இழுக்கவில்லை.

மாமி அழுதார். டீச்சர் அவர் கையைப் பிடித்தார். மாமி கையை விலக்கிக்கொள்ளவில்லை.

மிருதுளா எவ்வளவு கூப்பிட்டும் மாமி பெங்களூருக்குப் போகவில்லை. இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பழைய நெருக்கம் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் மாமி வருவார், சில நாள் வரமாட்டார். வராத நாளில் டீச்சர் போய்க் கூப்பிடுவதில்லை. கேட்டை மட்டும் தாழிடாமல் விட்டிருப்பார்.