இடப்பக்கத்து வலி

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் இடது விலாவுக்குக் கீழே பிடிக்கும். முதுகு வரை இழுக்கும். தையல் மிஷினை விட்டு எழுந்து கடைச் சுவரில் சாய்ந்துகொள்வேன். கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை தந்தார்கள். பித்தப்பை வலப்பக்கம் இருப்பது, இடப்பக்கம் வலித்தால் வாயுதான் என்று எல்லோரும் சொன்னதை நானும் நம்பினேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், ரவிக்கைத் துணிகள் குவிந்து கிடந்த நேரத்தில், வாந்தியெடுத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பள்ளி பஸ் ஓட்டும் என் கணவர் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வந்து, எங்கள் ஊர் லகாட்டிலிருந்து பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

நெஞ்சு எக்ஸ்ரே எடுத்த மலாய்த் தம்பி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செகாலி லாகி, காக்", இன்னொரு தடவை அக்கா, என்று மறுபடி நிற்க வைத்தார். பிறகு இன்னொருவரை அழைத்து வந்தார். இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். புற்றுநோய்தான் என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன்.

வயிற்றை ஸ்கேன் செய்த பிறகு வந்த அறுவை சிகிச்சை டாக்டர் தமிழர், என்னைவிட இளையவர். ஸ்டெதஸ்கோப்பை இடது நெஞ்சில் வைத்தவர், வலப்பக்கம் மாற்றி வைத்து நெடுநேரம் கேட்டார்.

"பயப்படாதீங்க அக்கா. உங்க ஹார்ட் வலது பக்கம் இருக்கு. ஈரல், பித்தப்பை எல்லாம் இடது பக்கம். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். பித்தப்பையில கல்லு இருக்கு, அதான் அங்க வலிக்குது."

"வேற யாரு படமோ மாறியிருக்கும் லா, டாக்டர்" என்றார் என் கணவர்.

"ரெண்டு வாட்டி எடுத்துட்டோம் அண்ணே."

என் கை தானாக வலது நெஞ்சுக்குப் போனது. அங்கேதான் துடித்தது. டாக்டர் அடுத்துச் சொன்னது எதுவும் ஏறவில்லை. சின்ன வயதில், தோட்டத்தில் மருந்து தரும் டிரெசர் எத்தனை காய்ச்சலுக்கு ஊசி போட்டிருப்பார்! இரண்டு பிள்ளைகள் பெற்றிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லையே. என் உடம்புக்குள் யாரோ வேற்றாள் இவ்வளவு காலம் குடியிருந்தது போல் இருந்தது.

வார்டில் படுக்க வைத்த பிறகு என் கணவர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "பக்கத்துலயே இருந்திருக்கேன், எனக்கே தெரியலையே" என்றார். பிறகு கூச்சத்தோடு கேட்டார்: "கைய வச்சுப் பாக்கட்டுமா?"

மறுநாள் டாக்டரிடம், "இந்த மாதிரி ஆளுக்கு ஆபரேஷன் செஞ்சிருக்கீங்களா?" என்றேன்.

"இல்லக்கா, இதான் முதல் தடவை. நான் நிக்கிற பக்கத்துலேர்ந்து எல்லாத்தையும் மாத்திச் செய்யணும். பெரிய டாக்டர் ஒருத்தரும் கூட இருப்பார்."

பொய் சொல்லாத மனிதர் என்று பட்டது. சரி என்றேன்.

வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். வழக்கத்தைவிட நேரமானதாம். கண் விழித்தபோது தொண்டை வறண்டு, தோள்பட்டை வலித்தது. அந்தப் பழைய வலி இல்லை. பயிற்சி டாக்டர்கள் அனுமதி கேட்டு, வரிசையாக வந்து என் நெஞ்சைக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மட்டும் பழக்க தோஷத்தில் இடப்பக்கம் வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பாகான் டத்தோவில் என் தம்பி வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னதும் அவள் குரல் நடுங்கக் கேட்டாள்:

"நான் சரியாத்தானே பெத்தேன்?"

அவளைத் தேற்றுவதற்குள் எனக்கும் அழுகை வந்துவிட்டது.