கட்டிலருகே உட்காரும் வசதி

இத்தனை வருடமாக வீடியோ கேம் விமர்சனம் எழுதுகிறேன். அதில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பப் பெற்றிருக்கிறேன். ‘கட்டிலருகே உட்காரும் வசதி இருக்கிறது, அதனால் விளையாட்டில் எந்தப் பயனும் இல்லை.’ எழுதிய அன்று எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சுருக்கமாக, கொஞ்சம் திமிராக, விமர்சகன் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மாதிரியே இருந்தது.

போர்ட் பிளேரில் இருந்துகொண்டு தமிழில் இந்த வேலையைச் செய்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பகலில் ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்துவேன். மாலையில் லம்பா லைன் பகுதியில் என் வீட்டில் டிவி முன்னால். பெரிய கம்பெனிகளின் துப்பாக்கி விளையாட்டுகள் எனக்கு ஒத்துவராது. ஒருவரோ இரண்டு பேரோ சேர்ந்து செய்யும் சின்ன விளையாட்டுகள், ஊர் ஊராக அலைந்து கதவு தட்டிப் புதிர் அவிழ்க்கும் சாகச விளையாட்டுகள், இவைதான் என் பங்கு. மதுரையிலிருந்து ஒருவர் நடத்தும் இணைய இதழில் வரும். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். கடலுக்கடியில் இணையக் கேபிள் வருவதற்கு முன்பு ஒரு விளையாட்டை இறக்கவே நாலைந்து நாள் ஆகும். கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் எல்லோரும் எழுதி ஓய்ந்த பிறகுதான் எனக்கு முதல் காட்சியே தெரியும். அதனால் மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு விளையாட உட்காரும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. கேபிள் வந்தது, பழக்கம் போகவில்லை.

என் விமர்சனங்களில் பாதி அக்காவுடையவை. இதை இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எங்கள் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இந்தத் தீவுகளுக்கு ரப்பர் பால் வெட்ட வந்தவர்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது இந்திப் பள்ளிக்கூடம். அக்கா அதில் படித்தாள். நான் படிக்கும் வயது வந்தபோது அவள் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டாள். என்னைத் திருச்சிப் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்தாள். அங்கே நான் ‘குந்து’ என்று சொன்னதற்கு ஒரு வருடம் முழுக்கச் சிரித்தார்கள். உட்கார் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். எங்கள் வீட்டில் கடைசிவரை எல்லோரும் குந்தினார்கள், நான் மட்டும் உட்கார்ந்தேன்.

இந்தத் தீவுகளில் ரங்கத் என்ற ஊரில் படகு டிக்கெட் கவுண்டரில் அக்காவுக்கு வேலை. இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கம்பி வலைக்குப் பின்னால் இருந்தாள். கடல் கெட்டால் துறைமுகத்தில் கம்பத்தில் கறுப்புக் கூம்பு ஏற்றுவார்கள். சிக்னல் ஏற்றியாச்சு என்று அவளுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். அப்புறம் கல்யாணத்துக்குப் போகிறவர், பரீட்சைக்குப் போகிறவர், ஹேவ்லாக் தீவில் வேலைக்குச் சேர வேண்டியவர் என்று வந்து நிற்கும் ஒவ்வொருவரிடமும் “ஆஜ் போட் நஹீ ஹை” என்று சொல்ல வேண்டியது அவள். இன்றைக்குப் படகு இல்லை என்கிற அந்த ஒரு வாக்கியத்துக்காக வங்காளி, தெலுங்கு, மலையாளம் என்று எல்லா மொழியிலும் திட்டு வாங்கியிருக்கிறாள். திட்டியவர்கள் மறுநாளும் கவுண்டருக்கே வருவார்கள், கூம்பு இறங்கும்வரை வீட்டில் போய் இருக்க மாட்டார்கள் என்று சிரிப்பாள்.

ஓய்வு பெற்றதும் என்னிடம் வந்துவிட்டாள். நானும் தனியாள், அவளும் தனியாள். நான் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள், ஒரு நாள் கண்ட்ரோலரைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் விளையாடுவதைப் பார்ப்பது ஒரு கூத்து. எதிரி வந்தால் சண்டை போடாமல் சுற்றிக்கொண்டு போவாள். ஒரு கதவு விடாமல் தட்டுவாள். நான் பாய்ந்து ஓடிய தெருக்களில் அவள் நின்று ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பாள். அப்படி அவள் கண்டுபிடித்ததை எல்லாம் ‘நான் கவனித்தேன்’ என்று நான் எழுதினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் வெளிவந்ததும் நானே வாசித்துக் காட்ட வேண்டும். மதிப்பெண் வரும் இடத்தில் மட்டும் முகத்தைச் சுளிப்பாள். யாரோ ஒரு பிள்ளை வீட்டில் கிடந்து செய்ததற்கு நான் என்ன வாத்தியாரா என்பாள்.

நான் அந்த வாக்கியத்தை எழுதிய விளையாட்டும் ஒரே ஆள் செய்ததுதான். ஒரு சின்னத் தீவு. வீட்டில் அம்மா நோயில் கிடக்கிறாள், அவள் கட்டிலருகே போனால் உட்காரும் பொத்தான் ஒன்று வரும். எதிர்க்கரையில் மருந்து இருக்கிறது. படகுத்துறையில் ஒரு துடுப்புப் படகு கட்டியிருக்கிறது. மகள் படகை அவிழ்த்து, புயலில் துடுப்புப் போட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பினால் அம்மா இறந்திருப்பாள். நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். எப்படி வேகமாகப் போனாலும் அதே முடிவு, இது ஆடுபவனை ஏமாற்றும் வேலை என்று மெயின்லேண்ட் விமர்சகர்கள் சொல்லி வைத்தாற்போல எழுதியிருந்தார்கள். நானும் எழுதினேன். படகு ஓட்டும் பகுதியைப் பாராட்டி, கதையைக் குறை சொல்லி, உட்காரும் பொத்தானைக் கிண்டல் செய்து, பத்துக்கு ஐந்து போட்டேன்.

வாசித்துக் காட்டியபோது அக்கா மதிப்பெண்ணுக்கு முகம் சுளிக்கவில்லை. படகுத்துறையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தாள். துறையின் ஓரத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு கறுப்புக் கூம்பு. நான்கு மணி நேரம் ஆடியும் என் கண்ணில் படாத கூம்பு.

“சிக்னல் ஏத்தியிருக்கேடா. நீ எப்படிப் போன?”

இது விளையாட்டு அக்கா, யாரும் தடுக்க மாட்டார்கள் என்றேன். தடுக்காவிட்டால் போய்விடுவதா என்று கேட்டாள். மறுநாளிலிருந்து தன் பெயரில் தனியாக ஆரம்பித்தாள். படகின் பக்கமே போகவில்லை. காலையில் துறைக்குப் போய்க் கம்பத்தைப் பார்ப்பாள், கூம்பு இருந்தால் வீட்டுக்குத் திரும்பி அடுப்பு மூட்டுவாள். விளையாட்டில் ஒரு நாள் முடிய நிஜத்தில் ஒரு மணி நேரம் ஆகும். படகை எடுக்காததால் விளையாட்டு முடியவில்லை, வாரக்கணக்கில் அப்படியே போனது. எனக்கு அடுத்தடுத்த விளையாட்டுகள் காத்திருந்தன. டிவியை எப்போது விடுவாய் என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

அக்காவுக்கு வந்த வயிற்று வலியை வாயு என்றுதான் நினைத்தோம். பரிசோதனை முடிந்து டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். சென்னைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம், ஆனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். முதல் பாதி என் காதில் விழுந்தது, இரண்டாம் பாதி அவள் காதில்.

டிக்கெட் போட்ட அன்றே மௌசம் கெட்டு மழையும் காற்றும் பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். விமானம் இறங்கும்போது தகரக் கூரை அதிரும். அன்று கூரை அதிரவே இல்லை. அடுத்த நாளும் இல்லை. விமானம் ரத்து, கப்பலும் கிளம்பாது, சிக்னல் ஏற்றியாச்சு. நான் கேட்பேனா? காலையில் குடையை எடுத்துக்கொண்டு விமான நிலையம், அங்கிருந்து கப்பல் டிக்கெட் கவுண்டர், அங்கிருந்து தெரிந்த அதிகாரியின் வீடு என்று அலைந்தேன். கவுண்டரில் இருந்த பெண் கப்பல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோதே நான் கத்த ஆரம்பித்தேன். எத்தனை பேர் அக்காவிடம் அப்படிக் கத்தியிருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றக்கூட இல்லை. நனைந்து வீட்டுக்கு வந்தால் அவள் நாற்காலியில் சாய்ந்து அந்தத் தீவில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. உயிரை வைத்துக்கொண்டு விளையாட்டா என்று ஒரு தரம் கேட்டேவிட்டேன்.

நான்காம் நாள் காலை செருப்பை மாட்டும்போது கூப்பிட்டாள்.

“இன்னிக்கி எங்கயும் போவாத. வந்து கொஞ்சம் குந்துடா. ஒன்னு கேக்கணும்.”

வந்து கேட்கிறேன் என்றேன். இன்றைக்கு ஒரு கப்பல் கிளம்பக்கூடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் வற்புறுத்தவில்லை. சிக்னல் இருக்கும்போது போகிறவனை அவள் பார்க்காததா.

பதினொரு மணி இருக்கும். வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா போன் செய்து “ஜல்தி ஆ ஜாவோ”, சீக்கிரம் வா என்று மட்டும் சொன்னார். அவர்தான் அந்த நேரம் அவள் பக்கத்தில் இருந்தவர். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். நான் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது டிவி திரை தானாக அணைந்திருந்தது, கண்ட்ரோலர் மடியில் இருந்தது. மூன்றாம் நாள் காரியம் நடக்கும்போது கூரை அதிர்ந்தது. வீட்டில் இருந்த எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தி மேலே பார்த்தோம்.

டிவி பக்கத்தில் அவளுடைய நோட்டு இருந்தது. கவுண்டர் காலத்துப் பழைய நோட்டு. இரண்டு வாரம் கழித்துத்தான் திறந்தேன். அந்த விளையாட்டில் எழுத்தெல்லாம் ஆங்கிலம். முன்பெல்லாம் நான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வருவேன். நான் இல்லாத நாட்களில் அவள் அகராதி வைத்து எழுத்துக்கூட்டியிருக்கிறாள். எழுதியது தமிழ், எழுத்து இந்தி. இந்திப் பள்ளியில் படித்த எங்கள் ஊர்த் தமிழர்கள் பலர் இப்படித்தான் எழுதுவார்கள். கண்ணால் படித்தால் ஒன்றும் விளங்காது, வாய்விட்டு வாசித்தால்தான் தமிழாகும். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, என் வாயிலிருந்து அவள் பேச்சு வந்தது.

முதல் பக்கத்தில் பொத்தான்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தாள். எடு. திற. கட்டிலருகே வரும் பொத்தானுக்கு நேராக: குந்து. அதற்குக் கீழே நாள்வாரியாக விளையாட்டில் வரும் அம்மா சொன்னதெல்லாம் இருந்தது. உட்காரும் பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தால் அவள் பேசுவாளாம். விமர்சகர்கள் நாங்கள் ஒருவரும் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. ஒரு நாள் தலை வாரிவிடச் சொல்கிறாள். ஒரு நாள் மகள் பிறந்த இரவைப் பற்றிச் சொல்கிறாள். இன்னொரு நாள், மருந்துக்காகக் கிளம்பிய உன் அப்பாவும் இப்படித்தான் போனார், நான் தனியாக இருந்தேன் என்கிறாள். நான் ஆடி ஐந்து மதிப்பெண் போட்ட விளையாட்டில் இது எதுவுமே இல்லை. எந்த மெயின்லேண்ட் விமர்சனத்திலும் இல்லை.

அர்த்தம் புரியாத சொற்களுக்குப் பக்கத்தில் இடம் விட்டு, ‘தம்பிகிட்ட கேக்கணும்’ என்று எழுதியிருந்தாள். அப்படி ஒன்பது இடம். கடைசி இடத்துக்கு எதிரே இருந்த ஆங்கிலச் சொல் சாதாரணமானது, ‘கூடவே இரு’ என்று அர்த்தம். நான்காம் நாள் காலை கேட்க இருந்தது அதுவாகத்தான் இருக்கும். உறுதியாகத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ஒன்பதையும் தமிழில் நிரப்பினேன். அழுதுகொண்டே நிரப்பியதில் இரண்டு இடத்தில் மை கலைந்துவிட்டது.

பிறகு அவள் விட்ட இடத்திலிருந்து நானே தொடர்ந்தேன். கம்பத்தில் கூம்பு இருந்தது. வீட்டுக்குத் திரும்பிக் கட்டிலருகே போய் அந்தப் பொத்தானை அழுத்தினேன். அவள் விளையாட்டில் இன்னும் ஆறு நாள் மிச்சம் இருந்தது. ஆறு நாளும் வேறெதுவும் செய்யவில்லை. அந்த அம்மா இறந்தாள். எப்படி இருந்தாலும் இறந்திருப்பாள். ஆனால் இந்த முறை மகள் பக்கத்தில் இருந்தாள்.

மதுரைக்கு எழுதி, என் பழைய விமர்சனத்திலிருந்து ஒரு வாக்கியத்தை நீக்க வேண்டும் என்று கேட்டேன். ஆசிரியர் நல்ல மனிதர், அக்கா இறந்ததும் தெரியும். தயங்கித்தான் பதில் போட்டிருந்தார். வெளிவந்த பிறகு கருத்தை மாற்றுவது நம் வழக்கம் இல்லை, தகவல் பிழை என்றால் மட்டும்தான் நீக்குவோம், இது உங்கள் கருத்துதானே என்று கேட்டிருந்தார்.

தகவல் பிழைதான் என்று எழுதினேன். அதை எழுதும் முன் நான் ஒரு தடவைகூட அங்கே உட்காரவில்லை.