ஸ்பீக்கர் கிழிசல்

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதிய துறைமுகம் இன்னும் கட்டி முடியவில்லை. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணிகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அந்தச் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காக ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் செய்த தப்பு அந்த வேலையின் பழக்கத்தில்தான் வந்தது. மூட்டைகளை எண்ணினால் மட்டும் போதாது. சாக்கு கிழிந்திருந்தால், பெட்டி நசுங்கியிருந்தால், ஈரம் பட்டிருந்தால் அதை அப்போதே தாளில் 'ரிமார்க்' எழுத வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் நஷ்டம் கம்பெனி தலையில் விழும், திட்டு நம் தலையில் விழும். வேலைக்குச் சேர்ந்த அன்றே மூத்த கிளார்க் என்னிடம் சொன்னார்: "நல்லாருக்குன்னு எழுத ஆளு வேண்டாம்லே. கெட்டதப் பாக்கத்தான் ஒனக்குச் சம்பளம்." இரண்டு வருடத்தில் அந்தப் பாடத்தில் நான் தேறிவிட்டேன். சாப்பாட்டுக் கடையில் தட்டு வைத்தால்கூட விளிம்பில் கீறல் இருக்கிறதா என்றுதான் கண் போகும்.

ஒருமுறை கோதுமைக் கப்பலில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழையில் கோதுமை இறக்க மாட்டார்கள். கப்பலின் சரக்கறையை மூடிவிட்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம். எஞ்சின் ரூம் ஆள் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், வெளிநாட்டுக்காரர், சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து எலெக்ட்ரிக் கிடார் வாசித்தார். நானும் கல்லூரி நாளிலிருந்து சாதாரண கிடார் ஒன்றை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு கம்பியை அழுத்தி மேலே தள்ளினார். அது பாடவில்லை, முனகியது. மூன்று ஷிப்ட் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டு வந்து உட்காரும்போது நெஞ்சுக்குள் ஒன்று கனக்குமே, அதை யாரோ வெளியே எடுத்து வைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பெயர் ப்ளூஸ் என்றார். அந்தப் பாட்டுக்கு என்ன வாங்க வேண்டும் என்று கேட்டேன். சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் சின்னதாக இருந்தால் போதும், ஆனால் பழைய ரேடியோ மாதிரி வால்வு போட்டதாக இருக்க வேண்டும், கிடார் பழசாக இருந்தால் நல்லது, பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே என்று கையையும் காலையும் ஆட்டி எனக்குப் புரியும்படி சொன்னார். எல்லாம் தலைக்குள் போனது. போய் என்ன பிரயோஜனம்?

அதற்கப்புறம் ஒரு வருடம் அதே நினைப்பாகத் திரிந்தேன். மதுரையில் ஒரு கடையில் சிவப்பு நிறத்தில் புத்தம்புது கிடார், கூடவே டிரான்சிஸ்டர் ஆம்ப் பார்த்தேன். தட்டினால் கணீரென்று பேசியது. சத்தம் சுத்தமாக இருந்ததே தவிர, கப்பலில் கேட்டது அதில் இல்லை. வாங்கவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. அப்போதுதான் கூட வேலை பார்த்த நண்பன் வந்து சொன்னான்.

"ஏலே, எங்க தெருவுல ஒரு அக்கா கிடாரு விக்காங்க. வீட்டுக்காரரு மில்லுல பிட்டரு. கல்யாண வீட்டு மெல்லிசைக் குழுவுல வாசிப்பாரு. மஞ்சக் காமாலையில போயிட்டாரு, ஆறு மாசம் ஆச்சு. ஆம்பும் இருக்கு, கப்பக்காரன்ட்ட வாங்குனதாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். இரண்டு நாள் கப்பலில் சரியான தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு, தோணியில் இறங்கி நேராகப் போனேன். கண் எரிந்தது, காதில் சரக்குத் தூக்கும் வின்ச் சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். வேறு யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற அவசரம்.

அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். சின்ன வீடு. ஆம்புக்கு ஒரு பழைய சேலையில் உறை தைத்துப் போட்டிருந்தார். அதைக் கழற்றி, துணியால் ஒருமுறை துடைத்து, எங்கள் முன்னால் தள்ளிவைத்தார்.

"அவரு இருக்கும்போது ஒருத்தரத் தொட விடமாட்டாரு. இத வச்சு எங்களுக்குள்ள பெரிய சண்டையே நடக்கும், தம்பி. ராப்பகலா இதையே கட்டிட்டு அழுதா நான் என்ன செய்ய? இப்ப நெனச்சா, அந்தச் சத்தம் இல்லாமத்தான் வீடு என்னமோ போல இருக்கு. மதுரைக்காரர் ஒருத்தர் கேட்டாரு, கடையில வச்சு விக்கதுக்கு. வாசிக்க ஆளுக்குத்தான் குடுக்கணும்னு இருக்கேன். வாசிச்சுப் பாருங்க."

நான் வாசித்துப் பார்க்க உட்காரவில்லை. சரக்கைப் பரிசோதிக்க உட்கார்ந்தேன். ஆம்பில் சத்தத்தைக் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பி ஒரு கம்பியை இழுத்தேன். கரகரவென்று உறுமியது. உடனே என் வாய் சொன்னது, "ஸ்பீக்கர் கிழிசல்."

அதோடு நிறுத்தினேனா? கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கம்பிகள் நாலைந்து இடத்தில் பள்ளமாகத் தேய்ந்திருந்தன. சொன்னேன். வலது கை படும் இடத்தில் வர்ணம் போய் மரம் தெரிந்தது. சொன்னேன். ஆம்ப் சும்மா இருக்கும்போதே ஒரு ரீங்காரம் வந்தது. அதையும் சொன்னேன். அவர் இன்னும் விலையே சொல்லவில்லை, நானும் விலையைக் குறைக்க வேண்டும் என்று திட்டம் போட்டுப் பேசவில்லை. பழக்கம், அவ்வளவுதான். நண்பன் என் தொடையில் கிள்ளினான். எனக்கு உறைக்கவில்லை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று கேட்டார். "அப்போ இத்தன வருசமும் கெட்டுப்போனத வச்சுத்தான் வாசிச்சாராக்கும்?"

"ஆமாக்கா. ரொம்ப நாளாவே கெட்டுத்தான் கெடந்திருக்கும். அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கவே வேண்டாம். அவர் முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. சேலை உறையை மடித்துக்கொண்டே, "சரி, எடுத்துட்டுப் போங்க. எது நியாயம்னு படுதோ அதக் குடுங்க" என்றார். கொடுக்க நினைத்திருந்ததைவிடக் குறைவாகக் கொடுத்தேன். நல்ல பேரம் என்றுகூட நினைத்தேன், வெட்கக்கேடு.

கப்பல் வேலையில் தொட்டுப் பார்க்கவே நேரமில்லை; பத்து நாள் கழித்து, கிழிந்த ஸ்பீக்கரை மாற்றலாம் என்று ரேடியோ ரிப்பேர் கடைக்கு ஆம்பையும் கிடாரையும் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் காயல்பட்டினத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். பெட்டியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பின்பக்கத்தைக் கழற்றி, ஸ்பீக்கரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"கிழிசலா? எங்க கிழிசல்? ஒரு நூல் அளவுக்குக் காட்டுங்க பாப்போம்."

என்னால் காட்ட முடியவில்லை. அந்தக் காகிதக் கூம்பு புதுசு மாதிரி இருந்தது.

"வால்வு ஆம்ப முழுசாத் தெறந்தா இப்படித்தான் உறுமும். இந்த உறுமலுக்காக அந்த மனுசர் ரெண்டு வருசம் இந்தக் கடைக்கு நடையா நடந்தாரு. ஒரு வால்வ மாத்துவாரு, கேப்பாரு, சரியில்லம்பாரு. இன்னொண்ணு மாத்துவாரு. கடைசியில ஒருநாள் வந்துட்டு, சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாரு. இது ஒண்ணும் கெடல. நான் இதுல கைய வச்சாத்தான் கெடும்."

ரீங்காரம் ஏன் என்று கேட்டேன். பிளக்கில் எர்த் இல்லாத வீட்டில் மாட்டினால் அப்படித்தான் என்றார். கழுத்துக் கம்பிகள் தேய்ந்ததைச் சொன்னேன். ஒரே இடத்தில் ஆயிரம் தடவை அழுத்தித் தள்ளினால் தேயாமல் என்ன செய்யும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு கடையிலேயே மாட்டி, திருகை முழுக்கத் திறந்து, வாசிக்கச் சொன்னார். ஒரு கம்பியை மெல்ல மேலே தள்ளினேன். முனகியது. மழையில் கப்பலில் கேட்ட அதே சத்தம். ஒரு வருடமாகத் தேடிய சத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டில் கிழிசல் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் அதை உண்டாக்கிய மனிதனின் மனைவியிடம். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

அன்றைக்கே போய் அந்த அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த ஞாயிறு என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு உரக் கப்பல் வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றத் தெம்பில்லாமல் அப்படியே பாயில் விழுவேன். அசதி உண்மை. ஆனால் அசதி மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். அவர் முகத்தைப் பார்க்கப் பயம். ஒரு வாய் வார்த்தைதானே, அவர் இதற்குள் மறந்திருப்பார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் போனபோது வீடு பூட்டியிருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் புன்னைக்காயலில் தம்பி வீட்டோடு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அடுத்த விடுமுறையில் கிடாரையும் ஆம்பையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சும்மா போய் வாயால் சொன்னால் நம்பமாட்டார், சத்தத்தைக் கேட்க வைக்க வேண்டும் என்று பிடிவாதம். கண்டக்டர் அதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் போட்டார். வழியில் ஒரு இடத்தில் இறங்கி வேறு பஸ் மாறினேன். புன்னைக்காயலில் இறங்கி அந்த வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

முற்றத்தில் உட்கார்ந்து மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்ததும், "என்ன தம்பி, ரொம்பக் கெட்டுப் போச்சோ? திருப்பிக் குடுக்க வந்தீயளா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியே எனக்குப் போதும்.

ரிப்பேர் கடையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கிழிசல் இல்லை, நான் சொன்னது அத்தனையும் தப்பு, உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது என்று சொன்னேன். கொடுக்காமல் குறைத்த பணத்தையும் நீட்டினேன். அதை வாங்கி, எண்ணாமல் பக்கத்தில் வைத்தார். ரேடியோவுக்கு வைத்திருந்த பிளக்கில் மாட்டி, திருகை முழுக்கத் திறந்து, அந்த ஒரு கம்பியைத் தள்ளினேன். அவர் கை உப்போடு அப்படியே நின்றது.

"இந்தச் சத்தந்தான்," என்றார். கையிலிருந்த உப்பை மீன்மேல் தூவினார். பிறகு, "இத அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வீட்டக் காலி பண்ணும்போது அவரு எழுதுன நோட்டு ஏழெட்டு இருந்துச்சு. சொந்தமாப் போட்ட மெட்டெல்லாம் அதுலதான் குறிச்சு வச்சிருந்தாரு. கல்யாணம் ஆன நாளுலேருந்து எழுதுனது. நீங்க வந்து பாத்துட்டுப் போன பெறவு, கெட்டுப்போன பெட்டியில வாசிச்ச பாட்டு நமக்கு என்னத்துக்குன்னு பழைய பேப்பர்காரன்ட்டப் போட்டுட்டேன்."

எந்தக் கடை, எந்தத் தெரு, நான் இப்போதே போய்த் தேடுகிறேன் என்று பதறினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், களைத்த சிரிப்பு.

"ரெண்டு மாசம் ஆச்சு தம்பி. எந்தக் கடையில எந்தச் சீனிய மடிச்சானோ."

அதன்பிறகும் நான் தூத்துக்குடி முழுக்கத் தேடினேன் என்பது வேறு விஷயம். ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை.

கிடாரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம், வாசிக்கிற ஆளிடமே இருக்கட்டும் என்றார். சாப்பிடாமல் விடவில்லை. சோறும் மீன் குழம்பும் போட்டார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். கிளம்பும்போது, "அவரு மெட்டு ஒண்ணு எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க வாசிப்பீயளா?" என்று கேட்டுவிட்டு, முனகிக் காட்டினார். நான்கைந்து வரி அழகாக வந்தது. பிறகு நின்றுவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவையும் அங்கேயே நின்றதும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த நான்கைந்து வரியை பஸ் வரும்வரை வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றும் கிடாரை எடுத்தால் முதலில் அதைத்தான் வாசிக்கிறேன். மீதியை நானே சேர்த்துவிட முடியும், கை தானாகவே போகப் பார்க்கும். ஆனால் மேற்கொண்டு என்ன வரும் என்று தெரிந்தவர் ஒருவர் இருந்தார், எழுதியும் வைத்திருந்தார், அது என்னால் போய்விட்டது என்பதை நான் மறந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்த அக்கா நின்ற இடத்திலேயே நானும் நிறுத்திவிடுகிறேன்.