பால்பொட்டும் பொய்ப்பொட்டும்

எங்கள் ரப்பர்த் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டபோது எனக்குப் பத்து வயது. அதுவரை காலில் சக்கரம் கட்டியவளைப்போல, மஸ்ஜித் தானா ஊருக்குப் போகும் சாலையிலிருந்து ஓடைக்கு அந்தப் பக்கம் வரை தோட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தவள் நான். திடீரென்று ஒருநாள் லாரியில் கம்பிச் சுருள் வந்து இறங்கியது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாதாம். அதற்கு என்னை எதற்கு அடைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சண்டை போட்டேன்.

"போய் தொரைகிட்டயே கேளுலா," என்றாள் அம்மா.

காலையில் பெரியவர்கள் வேலி வாசலில் சோதனை முடித்துப் பால் வெட்டப் போவார்கள். ஒரு மணி அரிசி வெளியே போக முடியாது. பள்ளிக்கூடம் வேலிக்குள்ளேயே ஒரு கொட்டகையில் நடந்து, நண்பகலில் முடிந்துவிடும். பிறகு எனக்கு என்ன வேலை? வேலியோரமாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கையும் காலும் நமநமவென்றிருக்கும். சித்தப்பா இருந்தாலாவது தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுவார். அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷமாகியிருந்தது. எப்போது வருவார் என்று கேட்டால் வீட்டில் ஆளாளுக்கு அவசர வேலை வந்துவிடும்.

என் அரிப்புக்கு மருந்து கொண்டுவந்தது அத்தைதான். அப்பாவின் தங்கை, கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தாள். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, தேங்காய் மட்டையில் ஒரு சின்னக் கொடியைக் கட்டிக்கொண்டு வந்தாள். நெற்றிப் பொட்டு அளவில், தடிதடியாக இலைகள். மரத்தின் மேல் ஒட்டி வளரும் பொட்டுக்கொடியாம்.

"மண்ணுல வச்சிராத புள்ள," என்றாள்.

நான் கேட்பேனா? பால் டின்னில் மண் நிரப்பி நட்டேன். நாலே நாளில் அழுகிப்போனது. அடுத்ததை மட்டையோடு கூரை விளிம்பில் தொங்கவிட்டு, காலையில் ஒரு கை தண்ணீர் மட்டும் தெளித்தேன். ஒரு மாதத்தில் அது மட்டையைத் தாண்டிக் கீழே இறங்கியது. அப்புறம் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

பறித்த இடத்திலேயே மட்டையில் கட்டினால்தான் வேர் பிடிக்கும் என்று சொல்லி, வாரம் ஒருமுறை அத்தை காய்ந்த மட்டையோடு வேலைக்குப் போவாள், செடியோடு திரும்புவாள். வாசல் காவலர்கள் அவளைச் செடிக்காரி என்று கேலி செய்து விட்டுவிடுவார்கள்.

பொட்டுக்கொடியில் இரண்டு சாதி இருப்பதைக் கண்டுபிடித்தது நானேதான். ஒன்றில் இலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும், கிள்ளினால் பால் வரும். அது பால்பொட்டு. இன்னொன்று பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் கிள்ளினால் ஒன்றும் வராது. நடுநடுவே நீட்டமாக ஓர் இலை விட்டு, அதன் ஓரத்தில் பழுப்புத் தூள் கட்டும். அதற்குப் பொய்ப்பொட்டு என்று பெயர் வைத்தேன். லயத்தில் ஒருவரை விடாமல் பிடித்து நிறுத்தி விளக்கினேன். ஒருவரும் முழுசாகக் கேட்கவில்லை.

பால்பொட்டு என்றால் எறும்புக்கு உயிர். ஒருமுறை புதிதாக வந்த மட்டையின் நாருக்குள்ளிருந்து எறும்புகள் நாலைந்து அரிசியை இழுத்துக்கொண்டு வந்தன.

"அத்தை, அரிசி!" என்று கத்தினேன்.

"எறும்புக்குப் போட்டேன் புள்ள. எறும்பு இருந்தாதான் செடி தளதளன்னு வரும். கத்தாத."

அடடா என்று தோன்றியது. மறுநாளே பானையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி எல்லா மட்டையிலும் போட்டு, பங்கீட்டு அரிசியை வீணடித்ததற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காக்கி உடுப்பில் ஒரு தமிழ் அதிகாரி லயத்தைப் பார்வையிட வந்தார். எங்கள் வீட்டு முன்னால் நின்று மட்டைகளை அண்ணாந்து பார்த்தார்.

"அழகா இருக்கே பாப்பா. எல்லாம் ஒரே செடியா?"

இந்தக் கேள்விக்காகத்தானே நான் பிறந்ததே! ஓர் இலையைக் கிள்ளிப் பால் காட்டினேன்.

"இது பால்பொட்டு சார், அது பொய்ப்பொட்டு. பொய்ப்பொட்டு இங்க மாமரத்துலயே இருக்கு. பால்பொட்டு ஓடைக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டி வெட்டாம விட்ட பழைய மரம் இருக்குல்ல, அங்க மட்டும்தான். வேலி போடறதுக்கு முந்தி நான் எல்லா மரத்தையும் பாத்திருக்கேன்."

"யாரு கொண்டாந்து தர்றது?"

"எங்க அத்தை."

"அவங்களுக்கு அங்கயா வேலை?"

"இல்ல சார், ஆபீஸ் பக்கம். எனக்காக அவ்வளவு தூரம் போறாங்க!"

அத்தை இடுப்பில் குடத்தோடு குழாயடியிலிருந்து வந்து நின்றிருந்தாள். குடத்தை இறக்கவே இல்லை. அதிகாரி என்னைக் கெட்டிக்காரி என்றார், ஒரு செடி கேட்டார். இருப்பதிலேயே நீளமான பால்பொட்டைக் கொடுத்தேன். அதனால்தான் அத்தைக்கு முகம் செத்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் வேலி வாசல் திறக்கவில்லை. யாருக்கும் வேலை இல்லை என்றார்கள். அத்தை வேலியோரமாக நடக்க ஆரம்பித்தாள். என் பாதைதான், ஆனால் என்னைவிட வேகம். ஓடை இருந்த திசையில் வரும்போது மட்டும் நிற்பாள், கம்பியைப் பிடிப்பாள், திரும்ப நடப்பாள். துணைக்கு ஆள் கிடைத்த குஷியில் நானும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவள் கை சில்லென்றிருந்தது. இரண்டாம் நாள் பிற்பகல், ஓடைக்கு அப்பாலிருந்து ரப்பர்க் கொட்டைகள் வெடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. அத்தை நடந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் போலீஸ் லாரி வந்து அப்பாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு போனது. யாரையோ அடையாளம் காட்ட வேண்டுமாம். சாயங்காலம் திரும்பியதும், "ரெண்டு பேரும் தெரியாதுன்னு சொல்லிட்டோம்," என்று அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு இருவரும் நேராகக் குழாயடிக்குப் போய்க் கட்டிய துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். ஏன் துணியோடு குளிக்கிறீர்கள் என்று கேட்டேன். அம்மா என் வாயிலேயே அடித்தாள். ஆனால் அழுதது அவள்.

சித்தப்பா சிங்கப்பூரில் கால் வைத்ததே இல்லை என்று அம்மா சொன்னது, எனக்குக் கல்யாணமான பிறகு. அவர் காட்டுக்குள் இருந்தார். மட்டை நாருக்குள் போன அரிசி அவருக்குத்தான் போனது. செத்துக் கிடந்த தம்பியின் முகத்தைப் பார்த்து, கண் கலங்காமல், தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். தெரியும் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் எங்கள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கை அறுத்துப்போடலாம் போலிருக்கிறது.

ஆனால் அப்போது எனக்கு இருந்த கவலையெல்லாம், அத்தை இனி செடி கொண்டுவர மாட்டாளோ என்பதுதான். மறுநாள் காலை அவள் எல்லா மட்டைகளுக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அந்த ஆபீசர் மறுபடி வந்தா இன்னொண்ணு குடுக்கலாமா?"

அவள் அடுத்த மட்டைக்கும் தண்ணீர் தெளித்தாள்.

"கேட்டா குடு புள்ள. எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் இனிமே யார்கிட்டயும் சொல்லாத."

ஊரே கிளம்பிப் போய்ப் பால்பொட்டை எல்லாம் பறித்துவிடும் என்று அத்தை பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்தேன். ஈரமாயிருந்த அவள் கையைப் பிடித்து அதில் ஓங்கி அடித்து, "சத்தியமா சொல்ல மாட்டேன்," என்றேன்.