நான் பிறகு சேர்த்த ஒரு வரி

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாத மதியம். ஸ்ரீபெரும்புதூரில் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிசைந்த ரசம் சாதம் கையில் இருக்க, இடது கையால் போனைத் தட்டிப் பார்த்தேன். "சார், எல்லாம் போயிடுச்சு சார்" என்று ஒரு பெண் எழுதியிருந்தார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எதைப் பற்றிச் சொல்கிறார் என்பது உடனே புரிந்தது. கையிலிருந்த சாதத்தைத் தட்டிலேயே போட்டேன்.

எனக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தமிழில் புரோகிராமிங் சந்தேகங்கள் கேட்பதற்காகச் சிலர் நடத்தும் ஓர் இணையக் குழுவில், பொழுது போகட்டும் என்று சேர்ந்தேன். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்கிரிப்ட்டில்தான் தொல்லை. கம்ப்யூட்டர் செய்யவேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிக் கொடுப்பதற்குப் பெயர்தான் ஸ்கிரிப்ட். 'ஓட மாட்டேங்குது', 'பாதியில நிக்குது', 'நேத்து ஓடிச்சு இன்னிக்கு ஓடல' என்று தினமும் யாராவது வருவார்கள். நான் சுருக்கமாகப் பதில் எழுதுவேன். "ஐயா மூணே வரியில முடிச்சுட்டாரு" என்று நாலு பேர் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. குழுவை நிர்வகிக்கும் மூன்று பேரில் ஒருவனாக என்னையும் ஆக்கினார்கள்.

அந்தப் பெண் முதலில் கேள்வி கேட்டது அதற்கு நான்கு வாரம் முன்பு. ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எட்டு வருடம் உற்பத்தி லைனில் நின்றபடியே வேலை செய்ததில் காலில் நரம்பு சுருண்டுவிட்டதாம். அதைப் பார்த்து, உதிரிப் பாகங்களைச் சோதிக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். சர்வரில் ஒரு ஃபோல்டரில் பழைய பதிவுகள் வாரா வாரம் நிரம்பிவிடும். அவற்றைக் கையால் அழிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. தானாக அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். இதுதான் கேள்வி. இதை அவர் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். "அக்கா, சொந்தக் கதையெல்லாம் வேணாம், மேட்டருக்கு வாங்க" என்று ஒருவர் கிண்டலடித்தார்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: "போனை கேட்லயே வாங்கி வெச்சிடுவாங்க சார். நோட்டுல எழுதினு போய்தான் டைப் பண்ணணும். சின்னதா இருந்தா நல்லாருக்கும்."

சின்னதாகத்தானே வேண்டும்? மூன்று வரி எழுதினேன். சர்வரில் இருக்கும் பழைய ஃபோல்டருக்குப் போ. அங்கே இருப்பதையெல்லாம் அழி. முடிந்தது என்று சொல். அவ்வளவுதான்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு யோசிக்கத் தெரியாது. ஏதோ காரணத்தால் முதல் வரியில் சொன்ன ஃபோல்டருக்குப் போக முடியாவிட்டால், அது அங்கே நின்றுவிடாது. எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, 'முடிந்தது' என்று சொல்லும். அதனால் 'போக முடியாவிட்டால் நிறுத்து' என்று நடுவில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். வேலையில் இருந்த நாளில் அந்த வரி இல்லாமல் யாராவது எழுதிக் கொண்டுவந்தால், தாளைத் தூக்கி மேசையில் எறிந்திருக்கிறேன். அன்று நானே அதை விட்டேன். தெரியாமல் விட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று வரி நான்காகிவிடும் என்பதும் மனதின் ஒரு மூலையில் இருந்தது.

மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. நான்காம் வாரம் சர்வரைப் பழுதுபார்க்க நிறுத்தியிருந்தார்கள். ஸ்கிரிப்ட்டால் பழைய ஃபோல்டருக்குப் போக முடியவில்லை. தான் இருந்த இடத்தையே துடைத்துவிட்டது. அங்கே இருந்தவை அந்த மாதத்துச் சோதனைப் பதிவுகள்.

அந்த மதியம் நான் செய்ததை இப்போது எழுதுகிறேன். என் மனைவிக்குக்கூட வெகு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

எழுந்து கை கழுவினேன். கம்ப்யூட்டரைத் திறந்து, என் பழைய பதிலில் விடுபட்ட வரியைச் சேர்த்துச் சேமித்தேன். திருத்தியது யாருக்கும் தெரியாது. அந்தக் குழுவில் பழைய வடிவம் நிர்வாகிகள் மூவரின் கண்ணுக்கு மட்டும்தான் படும். மற்ற இருவரும் அதைத் தேடிப் பார்க்கிறவர்கள் அல்ல. பிறகு அவருக்குப் பதில் எழுதினேன்: "நான் எழுதியதை அப்படியே டைப் செய்தீர்களா? ஒருமுறை சரிபாருங்கள்."

கேள்விதானே கேட்டேன், பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயா கிளியரா நாலு வரி போட்டிருக்காரு. அக்கா ஒரு வரிய முழுங்கிட்டாங்க."

"பிட் அடிச்சாலும் ஒழுங்கா அடிக்கணும் அக்கா!"

சிரிப்புப் பொம்மைகளாக வரிசையில் வந்து விழுந்தன. மாலையில் அவர் எழுதினார்: "நான்தான் நோட்டுல எழுதும்போது விட்டுட்டேன் போல. உங்களுக்குத்தான் கெட்ட பேரு. மன்னிச்சிடுங்க சார்."

நான் எழுதிய பதில்: "பரவாயில்லை. அடுத்த முறை கவனமாக இருங்கள்."

நான்கு நாள் கழித்துத் தனியாக ஒரு செய்தி வந்தது.  அழிந்துபோன பதிவுகளின் மாதத்தில் அனுப்பிய ஒரு லோடு, பழுது என்று வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்திருந்தது. அதை மறைக்கத்தான் யாரோ சொல்லி இவர் பதிவுகளை அழித்திருக்கிறார் என்று மேலதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். அப்படியில்லை, குழுவில் கேட்டு எழுதியது என்று சொல்லி, இவர் என் பக்கத்தையே சூப்பர்வைசரிடம் காட்டியிருக்கிறார். அங்கே நான்கு வரி இருந்தது. தொழிற்சாலைக் கம்ப்யூட்டரில் மூன்று வரிதான். 'சரியான வழி கண்ணு முன்னாடி இருக்கு. நிறுத்துங்கிற வரிய மட்டும் வேணும்னே எடுத்திருக்க' என்று முடிவுகட்டி, கேட் கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் தவறை மறைக்க நான் போட்ட வரி, அவர் மேல் குற்றத்துக்குச் சாட்சியாகப் போய் நின்றது.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க பெரியவங்க. வேணும்னு பண்ற ஆளு இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பாங்க சார்" என்றுதான் கேட்டிருந்தார். இடம் ஒரகடம் என்று போட்டிருந்தார். அதுவரை எனக்கு அவர் திரையில் தெரியும் ஒரு பெயர். அவர் இருந்தது என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில்.

அப்போதும் இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலை, "எங்க விட்டேன்னு மட்டும் சொல்லுங்க சார், போதும்" என்று மறுபடி எழுதினார். நேரில் வருகிறேன் என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் போகும்போதும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. நல்ல பெண், ஏதோ கைத்தவறு என்று சூப்பர்வைசரிடம் சிபாரிசு செய்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் வாக்கியங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து, பெஞ்சைத் துப்பட்டா நுனியால் துடைத்தார். "வெய்யில்ல இம்மாந்தூரம் வந்தீங்களே சார், உக்காருங்க" என்றார். கடைக்காரரிடம் எனக்கு டீ சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தார்.

என் மூன்று வரிகள். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக, அச்சுப் போல எழுதியிருந்தார். புள்ளி, கோடு எதுவும் தப்பவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது என்ன செய்யும் என்று தமிழில் சின்னக் குறிப்பு வேறு. அடியில் என் பெயர். அதற்கு முன்னால் 'திரு'.

"பத்து வாட்டி பாத்துட்டேன் சார். இன்னா விட்டேன்னே தெரில. நீங்க பாருங்க."

 தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"நீங்க எதையும் விடலம்மா. அந்த வரி அப்போ அதுல இல்ல. நான்தான் பிறகு சேர்த்தேன்."

"எப்போ சார்?"

"எல்லாம் போயிடுச்சுன்னு நீங்க எழுதின அன்னிக்கே."

நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 

"அப்போ அல்லாரும் என்னை ஓட்டிகினு இருந்தப்போ, நீங்க பாத்துகினுதான் இருந்தீங்களா?"

"ஆமாம்மா."

அவர் கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. நோட்டை மூடிப் பையில் வைத்தார். "வாங்க சார். இத்தையே சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க" என்று முன்னால் நடந்தார். டீ வந்து வைத்தது வைத்தபடியே இருந்தது.

கேட்டுக்குப் பக்கத்து அறையில் வைத்து, என் போனில் பழைய பதிலையும் திருத்திய பதிலையும், திருத்திய நேரத்தையும் சூப்பர்வைசருக்குக் காட்டினேன். நெல்லைப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இரண்டு முறை படித்துவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்: "என்ன சார் சொல்லுதீய? உங்க தப்ப மறைக்கதுக்கு இந்தக்காவ மாட்டி விட்டுட்டியளா? படிச்ச மனுஷந்தான நீங்க?"

 அவர் கேட்டபடி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வேண்டுமென்றே அழித்தார் என்ற பழி அந்த வாரத்திலேயே நீங்கியது. வேலைக்கும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டியது விதிமீறல் என்று சொல்லி, கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. மறுபடியும் லைன். மறுபடியும் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை.

அதைச் சொல்ல அந்தப் பெண்ணே போன் செய்தார். நான் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டேன். "அழிச்சவள்ன்ற பேரு போச்சே, விடுங்க சார்" என்றார். பிறகு, "தப்பா எழுதிக் குட்த்தத கூட நான் பெருசா எடுத்துக்கல. நான் மன்னிப்பு கேட்டேன் பாருங்க, அதுக்கு நீங்க 'பரவால்ல'ன்னீங்களே. அதான் சார் தாங்க முடில" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பேசியதில்லை.

நிர்வாகி பொறுப்பை விட்டு விலகி, நடந்ததைக் குழுவில் ஒன்றுவிடாமல் எழுதினேன். திட்டு விழும், விழட்டும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. 'இந்த வயசுல ஒத்துக்கிறதுக்கு ஒரு மனசு வேணும் ஐயா', 'தலைவணங்குகிறோம்' என்று கைகூப்பும் பொம்மைகளாக வந்து குவிந்தன. பிட் அடிக்கத் தெரியவில்லை என்று கிண்டல் செய்தவரும் அதில் ஒருவர். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு ஒருவர்கூட எழுதவில்லை. கேட்டிருந்தாலும் படிக்க அவர் அங்கே இல்லை. குழுவை விட்டே போய்விட்டிருந்தார்.

நான் இன்னும் பதில் எழுதுகிறேன். தவறு வந்தால் அதை அழிக்காமல், அதன் கீழேயே 'நான் எழுதியது தவறு' என்று எழுதுகிறேன். அதைப் பார்த்து யாராவது என்னைப் பெருந்தன்மையானவர் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. வரியை விட்டதைக்கூடக் கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். அதை யாரும் பார்க்காதபோது சேர்த்தவன்தான் நான் என்பதையும், அவனை நானே தெரிந்துகொள்ள ஒரு பெண் தன் உட்காரும் வேலையை இழக்க வேண்டியிருந்தது என்பதையும் ஒரு நாளும் மறக்க முடியவில்லை.