குட்டி முதலை பெரிதாகும் வரை

வால்பாறைக் குளிர் என் மூச்சுக்கு ஆகாது. மார்கழியில் நானும் மனைவியும் உடுமலைப்பேட்டை வீட்டுக்கு இறங்கிவிடுவோம். தாயில்லாத பேத்தி திவ்யாவும் லீவுக்கு வந்துவிடுவாள்.

இன்று அவளுக்கு அமராவதி அணை முதலைப் பண்ணையில் ஒரு குட்டி முதலையைக் காட்டினோம்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா அவளிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, அடுத்த லீவுக்கும் வருவியா?"

"வருவேனுங்க. அந்தக் குட்டி முதலை அதுக்குள்ள பெருசாயிருமுங்க."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருமகன் மறுமணம் செய்து டெல்லிக்குப் போகிறார். நேற்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "இனிமே அவளக் கூப்பிடாதீங்க மாமா. புது அம்மாகூடப் பழகட்டுமுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

நாளை அழைத்துப்போக வருகிறார். திவ்யாவிடம் சொல்லும் வேலையை நானும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் என்றால் யாருங்க சொல்வீங்க?