நாத்தனார் விழுங்கி வந்த மாத்திரை

என் கணவரின் சித்தப்பாவுக்கு மூன்று பெண்கள். நடுப்பெண் தையற்கடையில் காஜா போடுகிறவள். அவள் கைபட்ட பொத்தான் துளை, சட்டை கிழிந்தாலும் கிழியாது. எனக்கு நாத்தனார் முறை. அவளுக்கு இடது கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. கண்ணீர் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டதாம். வெள்ளைத் துணியில் சொட்டினால் முதலாளி, "தைக்கிறியா, துவைக்கிறியா?" என்பார்.

முதல் தடவை ஆபரேஷனுக்குப் போனபோது, பயத்தில் பிரஷர் ஏறி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை நான் துணைக்குப் போனேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சின்ன வயசுக்காரர். பொறுமையாக விளக்கினார். கண்ணீர் இறங்கப் புது வழி திறக்க, மூக்கோரத்து எலும்பில் துளை போடவேண்டுமாம். ரத்தம் கசிந்தால் உள்ளே ஒன்றும் தெரியாதாம். அதனால் அந்த நேரம் மட்டும் பிரஷரை இறக்கி வைப்பார்களாம். அதற்கு இரண்டு மருந்து இருக்கிறது, எது நல்லதென்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம், உங்களுக்குச் சம்மதமா என்றார். தலையாட்டினாள்.

"காலையில ஏதாவது மாத்திரை போட்டீங்களாம்மா?"

"பச்சத்தண்ணி கூட பல்லுல படல சார்."

பொய். மறுபடி திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று, புருஷனுடைய பிரஷர் மாத்திரையில் இரண்டை விழுங்கிவிட்டுத்தான் வந்திருந்தாள். அப்போது எனக்கே தெரியாது. பிரஷர் கருவியும் சரியான அளவைத்தான் காட்டியது.

உள்ளே, மருந்து ஏறியதும் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. பாதியில் நிறுத்தி, ஏற்றிப் பிடித்து, அப்புறம்தான் முடித்தார்கள். சாயங்காலம் அந்த டாக்டர் முகம் செத்துப்போய்க் கட்டிலருகே வந்து நின்றார்.

"நான் குடுத்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கலம்மா. மன்னிச்சிடுங்க."

இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வலி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் ஒருநாள் கொட்டிவிட்டாள்.

"அந்தப் பிள்ளை என்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சே அண்ணி! என் வாய்க்குப் பூட்டா போட்டிருந்துச்சு?"

"அப்போ போய்ச் சொல்லிடு."

"போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துட்டா?"

"மாத்திரை திருடினதுக்கா? உன் புருஷன்தான் கேஸ் போடணும்."

அவள் சிரிக்கவில்லை.

ஆபரேஷனில் மூக்கில் வைத்த மெல்லிய குழாயை எடுக்கிற அன்று, தள்ளாத குறையாக அவளை அந்த டாக்டரிடம் கூட்டிப்போனேன். தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்தாள். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உயிரே போயிருக்கும், தெரியுமாம்மா?"

"இப்ப தெரியுது சார்."

"அந்த மருந்தே வேண்டாம், ஒப்பிடுறதையே நிறுத்திடலாம்னு பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அன்னிலேர்ந்து ஊசி எடுக்கவே எனக்குப் பயமா இருக்கு."

உடனே பெரிய டாக்டருக்கு போன் போட்டார். ஒப்பிடுகிற கணக்கில் இவளைச் சேர்க்கவேண்டாம், மருந்து மேல் தப்பில்லை என்றார். போனை வைத்துவிட்டு, பத்திரமாகப் போய்வாருங்கள் என்று எங்களை அனுப்பினார். அதட்டிக்கூடப் பேசவில்லை.

படியிறங்கும்போது பாதியில் நின்றுவிட்டாள்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலாம் அண்ணி. திரும்பிப் போய்த் திட்டச் சொல்லட்டுமா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றினேன்.